மெலமைன் தட்டும் மாமியார் ரசமும்

சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் ஒரு சோதனைக்கூடத்தில் 27 ஆண்டுகள் தட்டு, கிண்ணம், கரண்டி, பால் புட்டி என்று வாடிக்கையாளர் கொண்டுவந்ததையெல்லாம் அமிலத்திலும் எண்ணெயிலும் ஊறப்போட்டுக்கொண்டிருந்தவள் நான். போன இதழில் 'பிளாஸ்டிக் தட்டில் சுடச்சுடப் போட்டுச் சாப்பிடாதீர்கள்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு, இந்த மாதம் தலைமுடி உதிர்வு, மூட்டுவலி எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு இதை மட்டும் எழுதச் சொல்லிவிட்டார் ஆசிரியர். ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன். தம் கேள்வி வரவில்லை என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் மாமியார் டேக்காவில் வாங்கிய மெலமைன் தட்டுகள் 20 வருஷமாக வீட்டில் இருக்கின்றன. உடையவே மாட்டேன் என்கின்றன. பூப்படம் மங்கிவிட்டது, பளபளப்பும் போய்விட்டது. "அதில் ரசம் ஊற்றாதீங்க, விஷம் இறங்கும்" என்கிறாள் மகள். "இத்தனை வருஷம் சாப்பிட்டு நமக்கு என்ன ஆயிடுச்சு?" என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?
— இல்லத்தரசி, தோ பாயோ

பதில்: இரண்டு பேரும் பாதிப் பாதி சரி. முழுசாகச் சரியாக நடந்துகொண்டவர் அநேகமாக உங்கள் மாமியார்தான். அந்தக் காலத்து மாமியார்கள் தட்டு எதுவானாலும் ரசத்தை எவர்சில்வர் டம்ளரில்தான் கொடுப்பார்கள்.

மெலமைன் தட்டு என்று நாம் சொல்வது இரண்டு பொருள்கள் சேர்ந்தது. மெலமைன் என்பது வெள்ளைத் தூள். ஃபார்மால்டிஹைடு என்பது மூக்கைத் துளைக்கும் வாயு. இரண்டையும் சேர்த்துச் சூடும் அழுத்தமும் கொடுத்தால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியாகிவிடும். கோரைப்பாயை நினைத்துக்கொள்ளுங்கள். புதுப் பாயில் ஓரத்தில் கொஞ்சம் கோரை பின்னாமல் நீட்டிக்கொண்டிருக்கும், உதறினால் விழும். அதேபோல் புதுத் தட்டிலும் பின்னலில் சேராத மிச்சம் கொஞ்சம் இருக்கும். முதல் சில தடவை சூடான சாப்பாடு பட்டதும் அது வந்துவிடும். இது ஒரு வகை. பின்னலே பிரிந்து வருவது இன்னொரு வகை. அதற்குச் சூடும் புளிப்பும் சேர்ந்து வேண்டும். அந்த இரண்டும் ஒன்றாக இருக்கிற பண்டம் நம் வீட்டில் எது? கொதிக்கக் கொதிக்க இறக்கிய புளி ரசம், தக்காளி ரசம்.

அதே தட்டில் தயிர்சாதம் போட்டுப் பாருங்கள். புளிப்பு உண்டு, சூடு இல்லை. கசிவு அளக்கவே கஷ்டமாக இருக்கும். அதனால் 'இந்தத் தட்டு நல்லதா கெட்டதா' என்று என்னிடம் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. எந்தச் சாப்பாடு, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று சேர்த்துக் கேட்டால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

இப்போது 'விஷம்' விஷயம். 2008-இல் சீனாவில் பாலில் மெலமைன் கலந்த கொடுமை பலருக்கு நினைவிருக்கும். ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 குழந்தைகள் இறந்தார்கள். அது புரதம் அதிகம் இருப்பதுபோல் காட்டுவதற்காகத் தூளையே பாலில் கலந்த கதை. தட்டிலிருந்து கசிவது அதற்குப் பக்கத்தில்கூட வராது. 2013-இல் வெளிவந்த ஒரு தைவான் ஆய்வில் 12 பேருக்குச் சுடச்சுட நூடுல்ஸ் சூப் கொடுத்தார்கள். ஒரு முறை மெலமைன் கிண்ணத்தில், மூன்று வாரம் விட்டு இன்னொரு முறை பீங்கான் கிண்ணத்தில். அடுத்த 12 மணி நேரச் சிறுநீரில் மெலமைனை அளந்தார்கள். மெலமைன் கிண்ணத்துக்கு 8.35 மைக்ரோகிராம், பீங்கானுக்கு 1.31. ஆக, கிண்ணத்திலிருந்து உடம்புக்குப் போகிறது, அதில் சந்தேகமில்லை. உங்கள் மகளுக்கு ஒரு மதிப்பெண். ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் தாங்கக்கூடிய அளவு என்று சொல்வது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.2 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 12 மில்லிகிராம், அதாவது 12,000 மைக்ரோகிராம். எட்டு எங்கே, பன்னிரண்டாயிரம் எங்கே! உங்கள் கணவருக்கும் ஒரு மதிப்பெண்.

சரி, தட்டை என்ன செய்வது? வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பூப்படம் தட்டின் மேல் ஒட்டியது அல்ல, அதன் மேல் மெலமைன் பூச்சு ஒன்று உண்டு. படம் தேய்ந்திருந்தால் அந்தப் பூச்சு போய்விட்டது என்று பொருள். கரண்டி கீறிய இடங்களில் மஞ்சள் நிறக் கோடுகள் தெரிகின்றனவா? எவ்வளவு தேய்த்தாலும் போகாத கோடுகள்? அப்படிப்பட்டதைத் தூக்கிப் போடுங்கள். மற்றதில் தோசை, பழம், கேக், ஆறின சோறு எதுவும் வைக்கலாம். ஜெர்மனியின் கூட்டரசு இடர் மதிப்பீட்டு நிறுவனம் சொல்லும் கணக்கு எனக்குப் பிடிக்கும்: 70 டிகிரிக்கு மேல் சூடானது மெலமைனில் வேண்டாம். மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. கண்ணாடிக் கிண்ணம் என்றால் உள்ளே இருக்கும் சாப்பாடுதான் சூடாகும். மெலமைன் என்றால் கிண்ணமே சூட்டை வாங்கிக்கொண்டு கொதிக்கும்.

கேள்வி: தொழிற்கல்லூரியில் வேதியியல் தொழில்நுட்பம் படிக்கிறேன். தட்டிலிருந்து உணவுக்குள் போவதை உண்மையில் எப்படி அளக்கிறார்கள்? சாம்பாரையே ஊற்றிச் சோதிப்பார்களா? வீட்டில் வினிகர் வைத்து நானே செய்து பார்க்க முடியுமா?
— மாணவர், ஈசூன்

பதில்: சாம்பாரை ஊற்றினால் சாம்பாரைத்தான் அளக்க வேண்டிவரும், தம்பி. அதில் ஆயிரம் பொருள் இருக்கிறது. சில உணவுகளில் ஃபார்மால்டிஹைடு இயற்கையாகவே உண்டு. காய்ந்த ஷிட்டாக்கே காளான் அதில் பெரிய ஆள். அதனால் உணவுக்குப் பதிலாக நிற்க ஒரு திரவத்தை வைத்துக்கொள்வோம். நீ படிக்கும்போது சிமுலன்ட் என்று வரும். ஐரோப்பிய விதியில் புளிப்புக்கு 3% அசெட்டிக் அமிலம் (வினிகரில் இருப்பது), தண்ணீர்ப் பதமான உணவுக்கு 10% எத்தனால், எண்ணெய்ப் பதத்துக்குத் தாவர எண்ணெய். ஜப்பான்காரர்கள் புளிப்புக்கு 4% அமிலம் வைத்து 60 டிகிரியில் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். ஐரோப்பியர் விடமாட்டார்கள்.

ஒரு மெலமைன் கிண்ணத்தை எடுத்துக்கொள். கழுவித் துடைத்து, முன்பே 70 டிகிரிக்குச் சூடாக்கிய 3% அமிலத்தை விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரை ஊற்றி, கண்ணாடித் தட்டால் மூடி, 70 டிகிரி அடுப்பில் 2 மணி நேரம் வைக்க வேண்டும். எடுத்து ஊற்றி வைத்துக்கொண்டு, அதே கிண்ணத்தில் புது அமிலம். மறுபடி 2 மணி நேரம். மறுபடியும் ஒரு தடவை. திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிற பாத்திரம் என்பதால் மூன்று சுற்று. வரம்போடு ஒப்பிடுவது மூன்றாவது சுற்றில் வந்ததை. முன்னே சொன்ன கோரைப்பாய்க் கணக்குதான் இது. ஓரத்துக் கோரை உதிர்வதாக இருந்தால் முதல் சுற்றில் நிறைய, அடுத்ததில் குறைய, மூன்றாவதில் இன்னும் குறைய வரும். எண் ஏறிக்கொண்டே போனால் பின்னல் பிரிகிறது என்று அர்த்தம். முன்பெல்லாம் மூன்றாவது எண் வரம்புக்குள் இருந்தால் விட்டுவிடுவோம். 2020-இல் விதியைத் திருத்தி, ஒரு சுற்றைவிட அடுத்த சுற்று ஏறவே கூடாது என்று எழுதினார்கள். அந்தத் திருத்தம் வந்த பிறகு எங்கள் கூடத்தில் தோற்ற கிண்ணங்களின் குவியல் கொஞ்சம் உயர்ந்தது.

அப்புறம் ஃபார்மால்டிஹைடை அளப்பது. இது என் மனசுக்குப் பிடித்த வேலை. அமிலக் கரைசலில் கொஞ்சம் குழாயில் எடுத்து, அசெட்டைல் அசெட்டோனும் அம்மோனியம் அசெட்டேட்டும் சேர்ந்த கரைசலை ஊற்றி, 60 டிகிரித் தண்ணீரில் பத்து நிமிஷம் நிற்க வைத்தால் மஞ்சள் நிறம் ஏறும். ஃபார்மால்டிஹைடு கொஞ்சம் என்றால் எலுமிச்சைச் சாற்றின் சாயல், அதிகம் என்றால் உருக்கிய நெய்யின் நிறம். கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது. 412 நானோமீட்டர் ஒளியைக் குழாய் வழியாக அனுப்பி எவ்வளவு விழுங்குகிறது என்று கருவி சொல்லும். வரம்பு ஒரு கிலோ உணவுக்கு 15 மில்லிகிராம். மெலமைனுக்கு நிறம் வராது, அதை வேறு கருவியில் பிரித்து எடுக்க வேண்டும். அதன் வரம்பு 2.5 மில்லிகிராம், 2011 வரை அது 30 ஆக இருந்தது.

கிண்ணத்தில் ஊற்றாத வெறும் அமிலத்துக்கும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். பிளாங்க் என்போம். அது நிறமில்லாமல் இருக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாரம் பிளாங்க் லேசாக மஞ்சளாகவே வந்தது. மேலாளர் "அதைக் கழித்துவிட்டு எண்ணைப் போடு" என்றார். நானும் போட்டேன். ஓர் இறக்குமதிக்காரரின் தட்டுகள் வரம்பை ஒட்டித் தாண்டின; அறிக்கை போய்விட்டது. அவரும் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வாரக் கடைசியில்தான் மூடாமல் வைத்த குவளையிலேயே மஞ்சள் அதிகம் ஏறுகிறது என்று எனக்கு உறைத்தது. அறையில் புதிதாகப் பலகை அலமாரி போட்டிருந்தார்கள். மரத்தூளை ஒட்டும் பசை ஃபார்மால்டிஹைடுப் பிசின். நான் அளந்ததில் பாதி தட்டு, பாதி அலமாரி. குவளைக்குக் குவளை வேறு வேறு அளவு ஏறியிருந்ததால் கழித்ததும் சரியில்லை. அறிக்கையைத் திரும்பப் பெற்றோம். சரக்குத்தான் அதற்குள் கப்பல் ஏறிவிட்டது. அவரிடம் தொலைபேசியில் பேசும் வேலையை மேலாளர் என்னிடமே விட்டார்.

எண்ணெய்ச் சோதனை இன்னும் தொல்லை. தட்டிலிருந்து போனது என்ன என்று குறிப்பாகப் பார்க்காமல், மொத்தமாக எவ்வளவு எடை குறைந்தது என்று பார்ப்பதும் உண்டு. அதன் வரம்பு 10 செ.மீ. × 10 செ.மீ. பரப்புக்கு 10 மில்லிகிராம், மூன்று நான்கு கடுகின் எடை. பிளாஸ்டிக் துண்டை எடை போட்டு, ஆலிவ் எண்ணெயில் 40 டிகிரியில் பத்து நாள் ஊறவைத்து, துடைத்து மறுபடி எடை போட்டால், சில சமயம் எடை கூடியிருக்கும்! பிளாஸ்டிக் எண்ணெயைக் குடித்துவிட்டது. குடித்த எண்ணெயைக் கரைப்பானில் வடித்து எடுத்து, எவ்வளவு என்று தனியாக அளந்து கழித்த பிறகுதான் உண்மையான இழப்பு தெரியும். இரண்டு வாரம் ஒரு துண்டோடு குடும்பம் நடத்த வேண்டும்.

வீட்டில் வினிகரா? ஊற்றலாம், சூடாக்கலாம். ஆனால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் உன் மூக்குக்கும் நாக்குக்கும் எட்டாது. உன் கல்லூரி ஆய்வகத்தில் 412 நானோமீட்டர் படிக்கிற கருவி கட்டாயம் இருக்கும். ஆசிரியரிடம் கேள். அலமாரி புதிதா என்று முதலில் பார்.

கேள்வி: உணவங்காடி நிலையத்தில் மீ கோரெங், சூப் கம்பிங் கடை வைத்திருக்கிறேன். புதுக் கிண்ணங்கள் மொத்தமாக எடுத்தேன். விற்றவர் ஆறு பக்க அறிக்கை ஒன்று கொடுத்து 'எல்லாம் பாஸ்' என்கிறார். எனக்கு ஆங்கிலம் ஓரளவு தெரியும், ஆனால் அதில் எண்களாக இருக்கின்றன. எதைப் பார்க்க வேண்டும்? கறிக் குழம்பை எடுத்து ஊற்றவும் அதே கிண்ணம்தான்.
— கடைக்காரர், பிடோக்

பதில்: அண்ணே, நீங்கள் அனுப்பிய பிரதியைப் பார்த்தேன். கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே சோதித்த பொருளின் படம் இருக்கும். உங்கள் அறிக்கையில் இருப்பது பழுப்பு நிறச் சூப் கரண்டி; நீங்கள் வாங்கியது பச்சைக் கிண்ணம். அதோடு கதை முடிந்தது. கரண்டி பாஸானால் கிண்ணமும் பாஸ் என்று ஆகாது. நிறம் மாறினாலே கலவை மாறலாம், தடிமன் மாறினால் உள்ளே வேகாத மிச்சம் மாறும். விற்றவரிடம் இந்தக் கிண்ணத்தின் படம் போட்ட அறிக்கை கேளுங்கள். தரவில்லை என்றால் சரக்கைத் திருப்புங்கள்.

நல்ல அறிக்கை கைக்கு வந்தால் மூன்று இடம் பாருங்கள். எந்தத் திரவம் ஊற்றினார்கள்? மெலமைனுக்கு அமிலம் ஊற்றியிருக்க வேண்டும். வெறும் தண்ணீரோ எத்தனாலோ ஊற்றி பாஸ் என்று சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். அதற்கு அமிலம்தான் கடுமையான பரீட்சை. பாலிப்ரொப்பிலீன் டப்பாவாக இருந்தால் தலைகீழ், எண்ணெய்தான் கடுமை. அடுத்து, எத்தனை சுற்று? மூன்று எண்கள் இருக்க வேண்டும். ஒரே ஒரு எண் இருந்தால் அது ஒரு தடவை தின்று எறிகிற தட்டுக்கான சோதனை. உங்கள் கிண்ணம் ஒரே நாளில் முப்பது பேர் கைக்குப் போகிறதே!

மூன்றாவது, சூடும் நேரமும். 70 டிகிரி, 2 மணி நேரம் என்று இருந்தால் அது உங்கள் வாடிக்கையாளர் சூப் குடிப்பதற்குப் பொருந்துமா? மொத்தக் கசிவுக்கு ஐரோப்பிய விதி ஒரு சுருக்கமான கணக்கு வைத்திருக்கிறது: 70 டிகிரியில் 2 மணி நேரம் தாங்கினால் 80 டிகிரியில் 1 மணி நேரம், 90-இல் அரை மணி, 100-இல் கால் மணி. பத்துப் பத்து டிகிரி ஏற ஏற நேரம் பாதியாகிறது. மேசையில் கொதிக்கிற சூப்பைக் கொடுத்தாலும் கால் மணிக்குள் ஆள் குடித்துவிடுவார், அதற்குள் ஆறியும் விடும். அதனால் சாப்பிடக் கொடுக்கும் கிண்ணத்துக்கு இது ஓரளவு போதும்.

ஆனால் கடைசி வரியில் ஒன்று சொல்லியிருக்கிறீர்களே, குழம்பை எடுத்து ஊற்றவும் அதே கிண்ணம் என்று. அது குழம்புச் சட்டிக்குள்ளேயே காலை ஆறு மணியிலிருந்து கிடக்கிறதா? சூடு, புளிப்பு, எண்ணெய், எட்டு மணி நேரம். எந்த அறிக்கையும் அதற்குச் சாட்சி சொல்லாது. ஐந்து வெள்ளிக்கு எவர்சில்வர் கரண்டி ஒன்று வாங்கிப் போடுங்கள். என் அப்பா காப்பிக்கடையில் வேலை பார்த்தவர்; சட்டிக்குள் கரண்டியை விட்டுவைத்தால் முதலாளி கத்துவார் என்பார். கைப்பிடி சூடாகும் என்பதற்காகக் கத்தினார் என்றே அப்பா கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. அந்தக் குட்டிச் சம்பால் தட்டுகளின் எண்ணை நம்பும்போது கொஞ்சம் யோசியுங்கள். தட்டிலிருந்து வந்ததை 'ஒரு கிலோ உணவுக்கு' என்று மாற்ற ஒரு வழக்கம் உண்டு. பக்கத்துக்குப் பத்துப் பத்து சென்டிமீட்டர் உள்ள கனசதுரப் பெட்டியில் ஒரு கிலோ உணவு பிடிக்கும்; அதன் ஆறு பக்கமும் உணவைத் தொடும். ஆகவே ஒரு கிலோவுக்கு ஆறு சதுர டெசிமீட்டர் என்று வைத்துக்கொள்கிறார்கள். அரை லிட்டருக்குக் குறைந்த பாத்திரங்களுக்கு இந்தக் கணக்குத்தான். உங்கள் சம்பால் தட்டில் 20 கிராம் சம்பால், தொடும் பரப்பு 0.3 சதுர டெசிமீட்டர், அதிலிருந்து 0.05 மில்லிகிராம் வந்தது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். நேராக வகுத்தால் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். பெட்டிக் கணக்கில் 1 மில்லிகிராம். அறிக்கையில் வருவது 1. யாரும் ஏமாற்றவில்லை, ஒரு கிலோ சம்பாலை யாரும் ஒரே வேளையில் சாப்பிடப் போவதில்லை என்பது அவர்கள் வாதம். உங்கள் கடைச் சம்பாலை நான் சாப்பிட்டதில்லை, அதனால் எதிர்வாதம் செய்யவில்லை.

கேள்வி: பேரனுக்கு 'மூங்கில் நார்த் தட்டு, நூறு சதவீதம் இயற்கை' என்று மருமகள் வாங்கி வந்தாள். நன்றாகத்தான் இருக்கிறது. நம்பலாமா?
— பாட்டி, உட்லண்ட்ஸ்

பதில்: மூங்கில் தூளைத் தட்டாகப் பிடித்து வைக்க ஏதாவது பசை வேண்டுமே அம்மா, அது என்ன என்று அட்டையில் தேடுங்கள். பெரும்பாலும் மெலமைன் பிசின்தான். அதாவது மெலமைன் தட்டில் மூங்கில் தூளைக் கலந்து, விலையையும் மரியாதையையும் ஏற்றியிருக்கிறார்கள். சாதா மெலமைனைவிட இது மோசமாகவே நடந்துகொள்ளும். தூள் தண்ணீரை இழுத்து ஊதுகிறது, பின்னல் சீக்கிரம் விட்டுப்போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மூங்கில் தூளைப் பிளாஸ்டிக்கில் சேர்க்க அனுமதியே கிடையாது. 2021-இல் உறுப்பு நாடுகளைச் சேர்த்துக்கொண்டு இந்தச் சரக்கைக் கடைகளிலிருந்து எடுக்க வைத்தார்கள். பிஸ்கட் வைக்கலாம். சுடுபாலும் சூப்பும் வேண்டாம். மருமகளிடம் நீங்களே சொல்லாதீர்கள், இந்தப் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்துவிடுங்கள்.

கேள்வி: 1. புரோட்டாவுக்குக் கொடுத்த குழம்பு வெள்ளை நுரைப்பெட்டியை உருக்கிவிட்டது. சாப்பிடலாமா? 2. பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் தே, அதாவது தேநீர்?
— அலுவலக ஊழியர், ராஃபிள்ஸ் பிளேஸ்

பதில்: உருகின பெட்டியில் இருந்ததைச் சாப்பிட வேண்டாம். அது பாலிஸ்டைரீன், 100 டிகிரி வாக்கில் இளகும், சூடான எண்ணெய் பட்டால் இன்னும் சீக்கிரம். அதிலிருந்து வரும் ஸ்டைரீனை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்' என்ற 2ஏ பட்டியலில் 2018-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சேர்த்தது. ஒரு தடவை சாப்பிட்டதற்காகப் பயப்பட வேண்டாம். அடுத்த தடவை டிபன் பாக்ஸ் எடுத்துப் போங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் 'குழம்பு கூட ஒரு கரண்டி' என்று சொல்லிப் பாருங்கள், சிரித்துவிடுவார்.

தே பைக்கும் அதே பதில்தான், டம்ளர். நானும் பையில் குடித்து வளர்ந்தவள்தான், உறிஞ்சுகுழலைச் செருகி ரப்பர் பேண்டு கட்டிய அந்தக் கனத்துக்கு ஈடில்லை. கொதிக்கக் கொதிக்கப் பால் கலந்த தேயிலை, மெல்லிய பை, கையில் தொங்கவிட்டு நடக்கும் இருபது நிமிஷம். ஐஸ் போட்டது என்றால் பையில் வாங்குங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

கேள்வி: 'பிபிஏ இல்லை' என்று போட்டிருந்தால் போதுமா?
— பலர்

பதில்: பிளாஸ்டிக் சாமான்களில், கண்ணாடிபோல் தெளிவாக, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் பாலிகார்பனேட் புட்டிகளில்தான் பிபிஏ, அதாவது பிஸ்ஃபீனால் ஏ என்ற வேதிப்பொருள், முக்கியப் பிரச்சினை. பாலிப்ரொப்பிலீன் டப்பாவில் அது எப்போதுமே கிடையாது. அதில் 'பிபிஏ இல்லை' என்று போடுவது, இளநீரில் 'கொழுப்பு இல்லை' என்று போடுவதுபோல. பாலிகார்பனேட் என்றால் கவனியுங்கள். தினமும் தாங்கக்கூடிய அளவை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் 20,000 மடங்கு குறைத்து, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.2 நானோகிராம் என்றது. நான் முன்னே சொன்ன அதே ஜெர்மன் நிறுவனம் 'அவ்வளவு குறைக்க ஆதாரம் போதாது, 200 நானோகிராம்' என்றது. பெரிய மனிதர்களுக்குள் ஆயிரம் மடங்கு வித்தியாசம்! எப்படியோ, 2024 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் உணவுப் பாத்திரங்களில் அதைத் தடைசெய்ய முடிவெடுத்துவிட்டது. கலங்கிப்போன, உள்ளே வெடிப்பு ஓடின பழைய பாலிகார்பனேட் புட்டியை நீங்களும் தடைசெய்துவிடுங்கள்.

கேள்வி: சாம்பார் வைத்த பிளாஸ்டிக் டப்பா மஞ்சளாகிவிட்டது. சோடா உப்பு, எலுமிச்சை, பாத்திரம் கழுவும் திரவம் எல்லாம் போட்டும் போகவில்லை. இதுவும் நீங்கள் சொல்லும் கசிவா? டப்பாவைத் தூக்கிப் போட வேண்டுமா?
— இல்லத்தரசி, அங் மோ கியோ

பதில்: கசிவுதான், ஆனால் எதிர்ப்பக்கம். டப்பாவிலிருந்து சாம்பாருக்குப் போகவில்லை. சாம்பாரிலிருந்து டப்பாவுக்குள் வந்திருக்கிறது. மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். உங்கள் டப்பா அநேகமாகப் பாலிப்ரொப்பிலீன்; அது எண்ணெய்ப் பக்கம் சாய்கிற ஆள். சூடான சாம்பாரில் தாளித்த எண்ணெய், அதில் மஞ்சள். டப்பா சூட்டில் கொஞ்சம் தளர்ந்ததும் எண்ணெயோடு நிறமும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. கண்ணாடி டப்பாவில் இப்படி ஆகாது, உள்ளே போக வழியில்லை. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் காட்டுவது இப்படிப்பட்ட ஒரு டப்பாவைத்தான். எங்கள் சோதனையில் கண்ணுக்கே தெரியாதது இதில் பளிச்சென்று தெரியும்: சூடு பட்ட மட்டம்வரை அடர்ந்த மஞ்சள், மேலே வெளிறல், குழம்பு தொடாத விளிம்பு வெள்ளை.

நிறத்தால் கெடுதல் எதுவும் இல்லை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது, கறை மேலே இல்லையே! தேய்த்தால் கீறல்தான் விழும். வெயிலில் வையுங்கள். சூரிய வெளிச்சத்தில் குர்குமின் உடைந்து நிறம் போய்விடும். சன்னலோரம் நேர் வெயில் படும் இடத்தில் டப்பாவைத் திறந்து, வாய் மேலே பார்க்க வையுங்கள். இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் போதும். நம் ஊரில் மத்தியானம் மழை வந்துவிடும், மறக்காமல் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். கொசு முட்டையிட்டால் அபராதம்.